இகுவானாவின் வீடும் காற்றின் ஈரமும்

இகுவானா என்னும் சொல்லை நம் நாட்டில் ஆங்கிலங் கற்றோர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். ஆயினும், அவர்கள் அச்சொல்லாற் குறிப்பது பெரும்பாலும் நம் ஊர் உடும்பையேயாம். வேலியோரம் ஊர்ந்து செல்லும் உடும்பைக் காட்டி, "அதோ, இகுவானா போகிறது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியோர் இன்றும் உளர். பெயர் ஒன்றாக வழங்கினும் பிராணிகள் வேறு. உடும்பு ஊன் உண்பது. பாம்பினைப் போலப் பிளவுபட்ட நாவினை உடையது. உண்மையான இகுவானாவோ தழை தின்பது. தடித்த, சதைப்பற்றுள்ள நாவினை உடையது. உறவு தேடின், அது உடும்பைக் காட்டிலும் நம் வேலி ஓணானுக்கே நெருங்கியதாகும். கரிபியன் தீவுகளின் பழங்குடியினராகிய தைனோ மக்கள் இட்டு வழங்கிய பெயரை ஸ்பானியர் எடுத்தாள, அஃது உலகெங்கும் பரவி, இடம் மாறிப் பொருளும் மாறி நம்மிடம் வந்து சேர்ந்தது.

இக்கிழமை இப்பிராணியை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் பிற குளிர்நாடுகளிலும் குடியேறி வாழும் நம்மவர் பலர். அந்நாடுகளில் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைகளில் இகுவானாக் குஞ்சுகளும் விலைக்கு வருவதுண்டு. பொரித்த குஞ்சு வால் உட்பட எட்டங்குல நீளமே இருக்கும். இளந்தளிர் போன்ற பச்சை நிறம். சிறுவர் கையில் அமைதியாக அமர்ந்திருக்கும். அதனைக் கண்ட பிள்ளை ஆசைப்படுவது இயல்பு. பெற்றோர் கடைக்காரரிடம் கேட்பன வழக்கமான வினாக்கள்: என்ன தின்னும்? கடிக்குமா? கூடு என்ன விலை? அவ்வீட்டுக் காற்றில் எவ்வளவு ஈரம் உண்டு என்று கேட்பார் அரியர். எமது எண்ணத்தில் முதலிற் கேட்க வேண்டிய வினா அதுவே. இகுவானாவைக் கொல்வன பலவெனினும், வளர்ப்போர் கண்ணுக்குப் புலப்படாமல் ஆண்டுக்கணக்கில் நின்று கொல்வது காற்றின் வறட்சி.

பச்சை இகுவானாவின் பிறந்தகம் மெக்சிக்கோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகப் பிரேசில், பராகுவே வரை பரந்தது. கரிபியன் தீவுகள் சிலவும் அதில் அடங்கும். ஆற்றங்கரை மரங்களே அதற்கு மிகவும் உகந்த இடம். நீரின்மேல் நீண்டு கிடக்கும் கிளையில் காலை வெயிலுக்கு உடலைக் காட்டிக் கிடக்கும். பருந்தின் நிழல் கண்டால், கிளையை விட்டுத் தொப்பென்று நீரில் விழுந்து நீந்தி மறையும். தலையுச்சியிலே ஒளியையும் நிழலையும் உணரவல்ல மூன்றாங் கண் ஒன்றும் அதற்குண்டு. மத்திய அமெரிக்க மக்கள் இதனை "மரத்துக் கோழி" என்று செல்லமாக அழைத்து, இறைச்சிக்காக வேட்டையாடி வந்தனர். காடும் குறைந்து, வேட்டையும் மிகுந்தபோது, 1983 ஆம் ஆண்டில் பனாமாவிலே டாக்மார் வேர்னர் என்னும் ஆராய்ச்சியாளர் இதனைப் பண்ணையில் வளர்த்துப் பெருக்கும் முயற்சியைத் தொடங்கினார். பின்னர் 1990 களிலே பண்ணைக் குஞ்சுகள் ஆண்டுதோறும் இலட்சக் கணக்கில் ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. அங்ஙனம் சென்றவற்றுட் பெரும்பாலானவை முதுமை காணவில்லை. நன்கு பேணப்பட்ட இகுவானா பதினைந்து முதல் இருபது ஆண்டு வரை உயிர்வாழக் கூடியது என்பதை நினைக்கும்போதுதான் இதன் கொடுமை விளங்கும்.

இப்பிராணி நீர் அருந்தும் முறையை முதலில் அறிதல் வேண்டும். கிண்ணத்தில் நீர் வைத்துவிட்டோம், தாகம் எடுத்தாற் குடிக்கும் என்று நாய் பூனை வளர்த்தோர் எண்ணுவர். மரத்தில் வாழும் இகுவானா கிண்ணத்தைத் தேடி வந்து குடிப்பது அரிது. அதன் நீரிற் பெரும்பகுதி தழையிலிருந்து வருவது. எஞ்சியது இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிப் பெறுவது. பெறுவது இவ்வாறு சிறுகச் சிறுக ஆதலின், இழப்பதும் சிறுகவே இருத்தல் வேண்டும். ஈரக் காற்றில் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் இழக்கும் நீர் குறைவு. வறண்ட காற்றில் அது பன்மடங்காகும்.

மற்றுமொரு குறையும் அதற்குண்டு. நம்முடைய சிறுநீரகம் நீர் குறைந்த காலத்திற் சிறுநீரைச் செறிவாக்கி உடல்நீரைக் காத்துக்கொள்ளும். ஊர்வனவற்றின் சிறுநீரகத்துக்கு அவ்வாற்றல் இல்லை. இரத்தத்தின் செறிவுக்கு மேலாகச் சிறுநீரைச் செறிவாக்க அதனால் இயலாது. எனவேதான் இகுவானா உடற்கழிவை யூரிக்கமிலமாக, வெண்ணிறக் களிபோல வெளியேற்றுகிறது. உடலில் நீர் குறையக் குறைய அவ்வமிலம் வெளியேறாது இரத்தத்தில் மிகும். முடிவில் ஊசிபோன்ற படிகங்களாகச் சிறுநீரகத்திலும் மூட்டுக்களிலும் படியும். மனிதருக்கு வரும் கீல்வாதத்தின் ஒரு வகை இதுவே. இந்நோயின் கொடுமை யாதெனின், அது வருவது தெரியாது. பிராணி ஈராண்டு மூவாண்டு உண்ணும், உலாவும், வளரும். ஒரு நாள் உணவை மறுக்கும். மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றால், சிறுநீரகம் பெரும்பாலும் அழிந்துவிட்டது என்பார். வீட்டாரோ, "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று வருந்துவர்.

உப்பை மட்டும் அது வேறு வழியால் வெளியேற்றும். மூக்கினுள் உள்ள சுரப்பிகள் இரத்தத்து உப்பைப் பிரித்தெடுக்க, பிராணி தும்மி அதனை வெளியே தள்ளும். கூட்டின் கண்ணாடியில் வெண்பொடி படிந்திருப்பதைக் கண்டு, சளி பிடித்துவிட்டது என்று அஞ்சி மருந்து தேடுவோர் உளர். அது வெறும் உப்பு. ஈரத் துணியாற் துடைத்துவிடலாம்.

இனி, குளிர்நாட்டு வீட்டில் காற்று ஏன் வறண்டு போகின்றது என்பதை நோக்குவோம். பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு இது நன்கு தெரிந்த கணக்கு. பெற்றோருக்காகச் சற்று விரித்துரைக்கின்றோம். காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு வெப்பநிலையோடு ஏறும். சுழியப் பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று தாங்குவது ஏறத்தாழ 4.8 கிராம் நீராவி. 22 பாகையில் 19.4 கிராம், 30 பாகையில் 30.4 கிராம். ஒரு காற்றிலே உண்மையாக உள்ள நீராவி, அது தாங்கக்கூடிய முழு அளவில் எத்தனை சதவீதம் என்பதையே சாரீரப்பதன் என்கின்றோம்.

பனிக்காலத்து இலண்டன் வீடொன்றை எண்ணிப் பாருங்கள். வெளியே சுழியப் பாகை, பனிமூட்டம், காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது, அதாவது 4.8 கிராம் நீராவியோடு இருக்கின்றது. அக்காற்று சாளர இடுக்கு வழியாக வீட்டினுள் வந்து 22 பாகைக்குச் சூடாக்கப்படுகின்றது. நீராவி அதே 4.8 கிராம், தாங்கும் அளவோ 19.4 கிராம். சாரீரப்பதன் 25 சதவீதமாக விழுந்துவிட்டது. அதே காற்றை விளக்கு வைத்துக் கூட்டினுள் 30 பாகைக்கு ஏற்றினால் 16 சதவீதமாகும். சமையலும் குளிப்பும் வீட்டாரின் மூச்சும் சிறிது ஈரத்தைக் கூட்டுமாயினும், அது போதாது. இகுவானா வேண்டுவதோ 70 சதவீதமளவு. மேலும் கீழுமாக 60 க்கும் 80 க்கும் இடையில் நிற்பது நன்று. 30 பாகையில், 70 சதவீத ஈரமுள்ள காற்று ஒவ்வொரு கன மீற்றருக்கும் இன்னும் 9 கிராம் நீரையே உறிஞ்ச இடமுடையது. 20 சதவீதக் காற்றோ 24 கிராமுக்கு இடமுடையது. இவ்வேறுபாடு இலையிலிருந்தும், மண்ணிலிருந்தும், அப்பிராணியின் நுரையீரலிலிருந்தும் ஈடு செய்யப்படும்.

குளிர் தாங்காதே என்று இரக்கங் கொண்டு மேலும் ஒரு வெப்ப விளக்கை ஏற்றுவோர், நீரைக் கூட்டாது வெப்பத்தை மட்டுங் கூட்டுவதால், தம்மை அறியாமலே வறட்சியைப் பெருக்குகின்றனர்.

எவ்வளவு நீர் வேண்டும் என்று கேட்கலாம். வளர்ந்த இகுவானாவுக்கு உயரம் ஆறடி, அகலம் ஆறடி, ஆழம் மூன்றடி கொண்ட கூடு வேண்டும் என்பது அனுபவமுடையோர் கொள்ளும் குறைந்த அளவு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ மூன்று கன மீற்றர். 30 பாகையில் 20 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு அக்காற்றை உயர்த்த 46 கிராம் நீர், அதாவது மூன்று மேசைக்கரண்டி நீர் ஆவியானாற் போதும்! இவ்வளவுதானா என்று வியக்க வேண்டா. கூட்டின் காற்று மூடிக் கிடப்பதன்று, மாறிக்கொண்டே இருப்பது. மணிக்கு இருமுறை மாறுவதாக வைத்துக்கொண்டால், பகற் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு லீற்றருக்கு மேல் நீர் ஆவியாதல் வேண்டும். நாலு புறமும் கம்பிவலை அடித்த கூடாயின், காற்று எத்தனை முறை மாறும் என்று சொல்ல முடியாது. குடம் குடமாகத் தெளித்தாலும் அறை நனையுமேயன்றிக் கூடு ஈரமாகாது. கிளிக்கூட்டிலே இகுவானாவை வைப்பது தகாது என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று. கம்பிவலையில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக் கொள்ளும் என்பது மற்றுமொரு கேடு.

இதற்கு அஞ்சி, காற்றுவழிகளை எல்லாம் அடைத்துவிடுவோரும் உளர். ஈரமானியில் 90 என்று காட்டும், வீட்டாருக்கு மகிழ்ச்சி. ஆனால், அசையாத ஈரக் காற்றிலே பூஞ்சணம் தழைக்கும். பிராணியின் வயிற்றுப்புறத் தோலிற் கொப்புளம் தோன்றும். மூச்சு நோயும் தொடரும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் கேடு இன்னும் விரைவு. எனவே, கீழே ஒருபுறமும் மேலே மறுபுறமுமாகச் சிறு காற்றுவழிகள் அமைத்து, காற்று மெல்ல ஏறிச் செல்ல விட வேண்டும். அதனால் இழக்கும் ஈரத்தை நாம் மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

கூட்டைக் கட்டுவதற்கு ஒட்டுப்பலகை ஏற்றது. உட்புறத்துக்கு நீர் புகாத பூச்சுப் பூசி, மணம் முற்றாக நீங்கும்வரை பல நாள் உலரவிட வேண்டும். மூட்டுக்களின் இடுக்கை அடைத்தல் மறக்கலாகாது. பலகை உளுத்துப் போவது அங்கிருந்துதான் தொடங்கும். முன்புறத்துக்குக் கண்ணாடியோ தடித்த பிளாஸ்டிக் தகடோ போதும். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைக் குஞ்சுக்குச் சில மாதம் பயன்படுத்தலாமெனினும், அதற்கெனப் பணஞ் செலவிட வேண்டா; மூன்று நான்கு ஆண்டில் நாலடி, ஐந்தடி நீளத்துக்கு வளரும் பிராணிக்கு அது எம்மட்டு?

கூட்டை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தலாகாது. இதற்கும் ஒரு கணக்குண்டு. 30 பாகையில் 70 சதவீத ஈரமுள்ள காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 24 பாகை. அதாவது, 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எப்பரப்பைத் தொட்டாலும் அக்காற்று நீர்த்துளிகளை விட்டுவிடும். பனிக்காலத்து வெளிச்சுவர் 24 பாகைக்கு மிகவும் கீழே நிற்கும். கூட்டின் பின்பலகை நனைந்து, சுவரும் நனைந்து, கறுத்த பூஞ்சணம் படர்ந்து, வீட்டு உரிமையாளர் வந்து கதவைத் தட்டும் நிலை உண்டாகும். வாடகை வீட்டில் இருப்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக. உள்ளறைச் சுவரருகே, நாலங்குல இடைவெளி விட்டு, பின்புறத்துக்கு வெப்பங் கடத்தாத தகடு ஒன்றை வைத்து நிறுத்துவதே முறை.

உள்ளே இகுவானாவின் உடற்பருமன் கொண்ட கிளைகள் சாய்வாக அமைய வேண்டும். மெல்லிய குச்சிகளால் பயனில்லை. உயரத்திலே படுத்துக்கிடக்க அகன்ற பலகைத் தட்டு ஒன்று வேண்டும். தரையிலே அது நுழைந்து கிடக்கத்தக்க அகன்ற நீர்த்தொட்டி வைத்தால், அதிலிருந்து எழும் ஆவியும் துணை செய்யும். பெரும்பாலும் நீரிலேயே மலங் கழிக்கும் வழக்கமுடையது ஆதலின், நாள்தோறும் கழுவி நீர் மாற்றாவிட்டால், அத்தொட்டி நோய்த்தொட்டியாகும். தரையில் மரத்தூள் பரப்புவது வேண்டா. தழையோடு சேர்த்து விழுங்கிவிடும். எழுத்தில்லாத காகிதம் போதும். செவ்வரத்தைச் செடியைச் சாடியோடு உள்ளே வைத்தால், இலையும் பூவும் உணவாகும்; ஈரமுங் கிடைக்கும். ஒரு கிழமையில் மொட்டையாகிவிடும் என்பது வேறு. இரண்டு சாடிகளை மாற்றி மாற்றி வைக்கலாம்.

காலையில் விளக்கேற்றியவுடன் ஒருமுறையும், நண்பகலில் ஒருமுறையும், மாலையில் விளக்கணைப்பதற்கு இரண்டு மணி முன்பாக ஒருமுறையும் வெதுவெதுப்பான நீரை நுண்துளிகளாகத் தெளித்தல் நன்று. இலைகளிலே துளிகள் நிற்க வேண்டும். அவற்றை நக்கிக் குடிப்பதைக் காணலாம். வீட்டில் எவரும் இல்லாத நேரத்துக்கு, காற்றிற்கு ஈரமூட்டும் சிறு பொறி ஒன்று வேண்டியிருக்கும். அதனைக் கிழமைதோறும் கழுவாவிட்டால், ஈரத்தோடு கிருமியையும் சேர்த்து ஊதும். ஈரமானியை விளக்கின் கீழே தொங்கவிடுவோர் குறைவாகக் கண்டு கலங்குவர். நீர்த்தொட்டியின் மேலே தொங்கவிடுவோர் மிகுதியாகக் கண்டு ஏமாறுவர். கூட்டின் நடு உயரத்தில், விளக்கிற்கு விலகி ஒன்றும், பிராணி இரவில் உறங்கும் கிளையருகே ஒன்றுமாக இரண்டு இருத்தல் வேண்டும். இலக்கம் நாள் முழுவதும் அசையாது நிற்க வேண்டுவதில்லை. தெளித்தவுடன் 80 க்கு ஏறி, மெல்ல 60 அளவுக்கு இறங்கி மீண்டும் ஏறுவதே காட்டின் இயல்பு.

வெப்பத்தையும் ஒளியையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். அவற்றைக் கடைக்காரரே சொல்லிவிடுவர். வெயில் காயும் கிளையில் 35 முதல் 38 பாகை; கூட்டின் ஏனைய பகுதிகளில் 26 முதல் 32 பாகை; இரவிலும் 23 க்குக் கீழே போகலாகாது. தழையைச் செரிப்பிப்பது அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்; உடல் வெப்பமடையாவிட்டால் அவை வேலை செய்யா. சூடேறும் கற்கள் என்று விற்பவற்றை வாங்க வேண்டா. வயிறு வெந்து புண்படும். ஊதாக்கடந்த கதிரை வீசும் தனி விளக்கும் வேண்டும். அக்கதிர் இல்லையேல் தோலில் விற்றமின் டி உண்டாகாது. கல்சியம் உடலிற் சேராது. எலும்பு மெழுகுபோல வளையும். சாளரத்து வெயில் போதும் என்பது தவறு, கண்ணாடி அக்கதிரை மறித்துவிடும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அதன் கதிர் வலுவிழக்கும். உணவு முழுவதும் தழையே. இறைச்சியும் முட்டையும் கொடுத்தால், முன்னர் சொன்ன யூரிக்கமிலம் பெருகும். வறண்ட கூட்டில் இறைச்சி ஊட்டுவோர் இருபுறமும் தீ வைத்தவர் ஆவர். கீரையை அலசிய நீர் சொட்டச் சொட்டக் கொடுப்பது நல்ல வழக்கம்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள இல்லத்துக்கு இது ஏற்ற பிராணியன்று. நலமாகத் தோன்றும் இகுவானாவின் மலத்திலும் சல்மொனெல்லா என்னும் கிருமி இருத்தல் கூடும். அதன் தொட்டியைச் சமையலறையிற் கழுவலாகாது. தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

இவ்வளவையும் படித்த தாய்மார் சிலர், "இவ்வளவு தொல்லை எதற்கு? நம் நாட்டிலேயே வளர்த்தால், தெளிப்பும் வேண்டா, விளக்கும் வேண்டாவே" என்று கருதுதல் கூடும். கருத்து உண்மைதான். கொழும்பின் காற்று கேளாமலே அவ்வீரத்தைக் கொடுக்கும். ஆனால், எந்நாட்டில் இகுவானாவை வளர்ப்பது எளிதோ, அந்நாட்டிலேதான் அதனைக் கொண்டு வருவது பெருங்கேடு. குளிர்நாட்டில் தப்பி ஓடிய இகுவானா முதற் பனியிலே மடியும். வெப்பநாட்டில் தப்பியது மரமேறிக் குடும்பம் பெருக்கும். ஒரு பெண் ஒரு முறையில் இருபது முதல் எழுபது முட்டை வரை இடும்.

புளோரிடாவில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். 1960 களில் அங்கே தப்பியனவும் விடப்பட்டனவுமாகச் சில இகுவானாக்கள் மரங்களிற் காணப்பட்டன. இன்று தென் புளோரிடாவின் வாய்க்கால் கரைகளிலெல்லாம் வளை தோண்டி, கரையைச் சரித்து, தோட்டப் பயிரைத் தின்று திரிகின்றன. 2020 ஆம் ஆண்டு சனவரியிற் கடுங்குளிர் வந்தபோது, மரத்திலிருந்து இகுவானாக்கள் விறைத்து விழக்கூடும் என்று மயாமி வானிலை நிலையத்தார் மக்களுக்கு அறிவித்தனர். விழுந்தவற்றுட் பல வெயிலேறியதும் எழுந்து நடந்தன. 2021 இல் அம்மாநிலத்தார் இகுவானாவைத் தடைசெய்த பிராணிகளின் பட்டியலிற் சேர்த்தனர். பீஜித் தீவுகளுள் ஒன்றுக்கு 2000 ஆம் ஆண்டிற் கள்ளமாகக் கொண்டுவரப்பட்டவை அயற்றீவுகளுக்கும் பரவி, அந்நாட்டுக்கே உரிய அரிய இகுவானா இனத்துக்கு அச்சமாக நிற்கின்றன. கடலும் இதற்குத் தடையன்று: 1995 ஆம் ஆண்டு புயலொன்றின் பின்னர், வேரோடு சாய்ந்து மிதந்து வந்த மரங்களைப் பற்றிக்கொண்டு, பதினைந்துக்குக் குறையாத பச்சை இகுவானாக்கள் அங்குவிலாத் தீவிற் கரையேறியதை அங்குள்ளோர் கண்ணாரக் கண்டனர்.

இலங்கைக்கு எப்பிராணியையும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றிக் கொண்டுவருதல் சட்டத்துக்கு மாறானது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் தோட்டத்து உடும்புக்கும் ஓணானுக்கும் உரிய இடத்தை அயலார் பிராணிக்குக் கொடுப்பதை நாம் விரும்பவில்லை. குளிர்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்கோ, ஆறடிக் கூட்டுக்கு இடமும், இருபது ஆண்டு தெளிப்பதற்குப் பொறுமையும், தெளிக்காத நாளில் தெளிக்க ஆளும் உண்டாயின் வாங்குக என்போம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று கண்டு வருதலே போதும். பல்கலைக்கழகம் புகப் பிள்ளை வீட்டை விட்டுச் செல்லும் நாளிலும் அப்பிராணி அங்கேயே இருக்கும் என்பதை வாங்கும்போதே எண்ணுதல் வேண்டும்.

ஏற்கெனவே வளர்ப்போருக்குச் சில சொற்கள். கழுத்துப்புறத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால், உடனே படிய வேண்டும். மடிப்பாகவே நின்றால் உடலில் நீர் குறைவு. கண் குழிந்திருத்தலும், எச்சத்தின் வெண்பகுதி களிபோலன்றிச் சுண்ணாம்புக் கட்டிபோல இருத்தலும் அதே குறிகளாம். இகுவானாவின் தோல் பாம்புச் சட்டைபோல ஒன்றாகக் கழல்வதன்று. துண்டு துண்டாகவே உரியும். வறண்ட கூட்டில் விரல்களிலும் வால்நுனியிலும் பழந்தோல் வளையமாக இறுகி, நூல் கட்டியதுபோல இரத்தத்தை மறிக்கும். கவனியாது விட்டால், விரல் கறுத்து உதிரும். வெதுவெதுப்பான நீரிலே தோள் உயரம் வரை இருபது நிமிடம் கிடத்தி, ஊறிய பின் விரலால் மெல்ல நீவினால் வளையம் கழலும். கழலாவிட்டால், பிய்த்தெடுக்காது மறுநாள் மீண்டும் ஊறவைக்க வேண்டும். கறுத்த விரலுக்கும், இரண்டு நாளுக்கு மேலாக உணவு மறுப்பதற்கும் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலங் கடத்தலாகாது.

வீட்டுப் பிள்ளையிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, காலையும் மாலையும் ஈரமானியும் வெப்பமானியும் காட்டும் இலக்கங்களை எழுதச் செய்யுங்கள்; மாதம் ஒருமுறை பிராணியின் நிறையையும் அதிற் பதியட்டும். மிருக வைத்தியர் முதலிற் கேட்கும் வினாக்கள் இவையே ஆதலின், அங்கு செல்லும்போது அக்குறிப்பேட்டையும் கையோடு கொண்டு செல்லுதல் நன்று.